காற்றாடி கட்டினால் பிரேக் குளிருமா?

பட்டறைப் பதில்கள்

போன மாதம் கம்பிவடத்தைப் பற்றி எழுதியபோது, "பிரேக் சூட்டைப் பற்றிக் கேட்டால் அதையும் சொல்கிறேன்" என்று ஒரு வரி எழுதி வைத்தேன். சும்மா எழுதியதுதான். கேட்டுவிட்டீர்கள். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதுவே. ஆகவே இந்த மாதம் முழுக்கப் பிரேக்.

கேள்வி: ஐயா, எங்கள் செம்பனை மில்லில் அவித்த பழக்கூண்டைத் தூக்கி, குலையிலிருந்து பழத்தை உதிர்க்கும் திரெஷரில் கவிழ்க்கும் கிரேனின் பிரேக், மத்தியானத்துக்கு மேல் பக்கத்தில் நிற்க முடியாத அளவு சுடுகிறது. கருகிய வாடையும் வருகிறது. பெரிய காற்றாடி ஒன்றை வாங்கி மேலே கட்டிவிடலாம் என்கிறார் மேலாளர். சரியாகிவிடுமா?
(மில் தொழிலாளி, பெஸ்தாரி ஜெயா)

பதில்: முகவரியில் பெஸ்தாரி ஜெயா என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பலகை மாறி எத்தனையோ வருடம் ஆயிற்று, என் வாய் மாறவில்லை. இந்த நாட்டில் வியாபாரத்துக்கென்று முதன்முதலில் செம்பனை நட்ட தோட்டம் நம் பக்கத்தில்தான், 1917-இல். அதன் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம் தோட்டம். செம்பனைக்குப் பிறந்த வீடு, பெயர் தென்னையுடையது! வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

சரி, காற்றாடிக்கு வருவோம். நாங்களும் கட்டினோம். 1987 என்று நினைவு. நான் அப்போது பட்டறையில் பிட்டர். உங்களுக்கு நடப்பதேதான் எங்களுக்கும். காலையில் எல்லாம் ஒழுங்கு. மதியம் 2 மணிக்கு மேல், மோட்டாரோடு சுற்றும் இரும்பு உருளையான பிரேக் டிரம்மிலிருந்து பழைய செருப்பை எரித்த மாதிரி வாடை. இப்போது மாதிரி சூடு பார்க்கும் துப்பாக்கியெல்லாம் அன்று கிடையாது. கோப்பிக் குவளையில் மிச்சமிருந்த தண்ணீரை விரலால் தொட்டு டிரம் மேல் சுண்டுவோம். சத்தமில்லாமல் காய்ந்தால் கவலையில்லை. 'சொய்ங்' என்றால் 100 டிகிரியைத் தாண்டிவிட்டது. சொட்டு உருண்டு ஓடினால், தோசை ஊற்றுமுன் கல்லில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக ஓடுமே, அப்படி ஓடினால், 200-ஐ ஒட்டிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்குச் சொட்டு ஓடியது.

மேலிடத்தில் சொன்னோம். மறுநாளே ஆளுயரக் காற்றாடி ஒன்று வந்துவிட்டது. கிரேன் மேடையில் கம்பி போட்டுக் கட்டினோம். மூன்று நாள் நல்ல பலன். தண்ணீர் காய்ந்தது, ஓடவில்லை. எல்லாருக்கும் மகிழ்ச்சி. நான்காம் நாள் இரண்டாவது ஷிப்டில், நிறைந்த கூண்டு ஒன்று திரெஷர் வாய்க்கு மேலே போய் நின்றது, நின்ற கூண்டு மெதுவாக ஒரு முழம் கீழே இறங்கியது. யாரும் பொத்தானைத் தொடவில்லை. ஓட்டுநர் பயந்துபோய் மறுபடி மேலே ஏற்றிக் கவிழ்த்துவிட்டு, கிரேனை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. கீழே அப்போது ஆள் யாரும் இல்லாதது எங்கள் நல்ல காலம்.

பிரேக்கைக் கழற்றினோம். டிரம்மைக் கவ்வுகிற ஷூவில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டைதான் லைனிங். அதன் முகம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. விரலை வைத்தால் பிசுக்கு. பழத்தை ஆவியில் அவிக்கும் ஸ்டெரிலைசரின் கதவைத் திறக்கும்போதெல்லாம் மேலே கிளம்புகிற ஆவியில் எண்ணெய் இருக்கிறது, நார்த்தூசி இருக்கிறது, பாய்லர்ச் சாம்பல் இருக்கிறது. நாங்கள் கட்டிய காற்றாடி அத்தனையையும் இழுத்து நேராக லைனிங்கில் பூசிவிட்டிருந்தது. சூட்டைக் குறைக்கப் போய்ப் பிடியைக் குறைத்துவிட்டோம்.

அப்போது எங்களுக்குச் சார்ஜ்மேனாக ஒரு பெரியவர் இருந்தார். அதிகம் பேச மாட்டார். மேலே ஏறி வந்து, என்னைப் பார்த்து, "தம்பி, மேலே போறப்ப என்ன கூண்டு?" என்றார்.

"நெறஞ்ச கூண்டு."

"கீழே வர்றப்ப?"

"வெறுங்கூண்டு."

"அப்புறம் இது எதைப் பிடிச்சு இப்படிச் சுடுது?"

எனக்கு உறைத்தது. பாரத்தை இறக்குகிற கிரேனில்தான் பிரேக்குக்குப் பெரிய வேலை. நம் மில் கிரேன் பாரத்தை ஏற்றுகிறது, மேலேயே கொட்டிவிடுகிறது, காலிக் கூண்டோடு இறங்குகிறது. ஏறும்போது நிறுத்தினால் பாரமே வேகத்தைக் குறைக்கும். இறங்கும்போது ஒரு டன் சொச்சம்தான். அதையும் மோட்டாரே பிடித்துக்கொள்ளும், எப்படி என்று அடுத்த பதிலில் சொல்கிறேன். ஆக, அந்தச் சூடு வந்திருக்கவே கூடாத சூடு. வரக்கூடாத இடத்தில் வருகிற சூட்டுக்குக் காற்றாடி கட்டினால், காய்ச்சல்காரனுக்கு விசிறிவிடுகிற கதைதான்.

பெரியவர் இரண்டு லைனிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வலது பக்கம் 7 மி.மீ. கனம். இடது பக்கம் 3. ஒரே நாளில் மாற்றிய ஜோடி அது. பிரேக்கின் இடது பக்கக் கை அசைகிற அடிப்பின்னில் துருவும் சாம்பலும் இறுகி, பிரேக் திறக்கும்போது அந்தப் பக்க ஷூ டிரம்மை விட்டு விலகவேயில்லை. மோட்டார் ஓடும் நேரமெல்லாம் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. 15 கிலோவாட் மோட்டாரின் சக்தியில் நூற்றில் 5 பங்கு அப்படி உரசிப் போனால் 750 வாட். இஸ்திரிப் பெட்டியைச் சொருகி டிரம்மோடு சேர்த்துக் கட்டிவைத்த மாதிரி.

இதில் இன்னொரு விஷமும் உண்டு. கிரேன் பிரேக்கில் ஷூ வெளியிலிருந்து டிரம்மைக் கவ்வுகிறது. டிரம் சூடானால் வீங்கும். 300 மி.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்பு டிரம் 200 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 0.35 மி.மீ. வெளியே வரும். இடைவெளியே ஒரு மில்லிமீட்டருக்குள்தான் வைத்திருப்போம். வீங்கிய டிரம் இன்னும் உரசும், உரசினால் இன்னும் வீங்கும். காலையில் ஒழுங்காக இருப்பது மத்தியானத்தில் கெடுவதற்கு இதுதான் காரணம். உங்கள் கடிதத்தில் "மத்தியானத்துக்கு மேல்" என்று படித்ததுமே எனக்கு அந்தப் பின் ஞாபகம்தான் வந்தது.

ஆகவே உங்கள் மேலாளரிடம் காற்றாடிக்கு முன்னால் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கொக்கியில் பாரமில்லாமல், மின்சாரத்தைப் பூட்டி அட்டை மாட்டிய பிறகு, பிரேக்கைக் கையால் திறந்து மோட்டார் கப்ளிங்கைச் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். இரண்டு பக்க இடைவெளியையும் தகட்டளவியால் அளங்கள். சமமாக இல்லையென்றால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

அதில் ஒன்றும் இல்லையென்றால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். மில்லுக்கு மின்சாரம் நம் சொந்த டர்பைனில் இருந்து வருகிறது. பெரிய மோட்டார் ஒன்று கிளம்பும்போது விளக்கெல்லாம் ஒரு கணம் மங்குகிறதா? அந்த நேரத்தில் பிரேக்கைத் திறந்து பிடிக்கிற காந்தமும் மங்கும். மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் காந்தத்தின் இழுவை 19 விழுக்காடு குறைந்துவிடும், ஏனென்றால் அது இருபடிக் கணக்கு. பாதி திறந்த பிரேக் உரசும். லைனிங் தேயத் தேயக் காந்தத்துக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி அகன்று, இழுப்பது இன்னும் கடினமாகும். காயிலில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் கேட்டால் அதுதான்.

மூன்றாவது, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஓட்டுநர். புதுப் பையன்கள் கூண்டை நேராக வைக்கப் பொத்தானைத் தட்டித் தட்டி விடுவார்கள். பழகிய கை ஒரு கூண்டுக்கு 8 தடவை நிறுத்தும். பழகாத கை 40 தடவை. 30 டன் மில்லில் இரண்டரை டன் கூண்டு மணிக்கு 12 போகும். 96 தடவை நிறுத்துவதும் 480 தடவை நிறுத்துவதும் ஒன்றா? ஒரு வாரம் பழையவரோடு உட்கார வைத்தால் சரியாகிவிடும். காற்றாடியைவிட மலிவு.

இவ்வளவும் பார்த்த பிறகும், வேலை அதிகமானதால்தான் சூடு என்று தெரிந்தால், அப்போது காற்று வையுங்கள். தாராளமாக. ஆனால் காற்று மில்லுக்கு வெளியிலிருந்து குழாய் வழியாக வர வேண்டும், வடிகட்டி வேண்டும். டிரம்மின் பக்கவாட்டில் அடிக்க வேண்டும், லைனிங் முகத்தில் நேராக அல்ல. கிரேன் நின்றதோடு காற்றும் நின்றுவிடாமல் கொஞ்ச நேரம் ஓடட்டும். காற்று நின்றுபோனால் ஓட்டுநர் அறையில் ஒரு விளக்காவது எரிய வேண்டும், இல்லையென்றால் குளிர்கிறது என்ற நம்பிக்கையில் ஓட்டிக்கொண்டே இருப்பார். அப்புறம், அது பி.எம்.ஏ. எண் (தூக்கும் இயந்திரத்துக்கான அரசுச் சான்றிதழ் எண்) பெற்ற இயந்திரம். எங்கள் காலத்தில் 1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். 2024 ஜூன் 1 முதல் அது நீங்கி, எல்லாம் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. சட்டம் எதுவானாலும் பிரேக்கில் கைவைத்து எதையும் மாட்டுவதற்கு முன் தகுதியுள்ளவர் பார்த்து எழுதித் தர வேண்டும். கம்பி போட்டுக் கட்டாதீர்கள். நாங்கள் கட்டினோம், சரி, அது 1987.

எங்கள் காற்றாடி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பின்னை மாற்றி, லைனிங் மாற்றி, அடுத்த நாள் மத்தியானம் விரலால் தண்ணீர் சுண்டினோம். அப்படியே நின்றது. காற்றாடி, துரையிடம் கேட்டு, தோட்டத்துக் கோயில் அன்னதானக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கேள்வி: பிரேக் எவ்வளவு சூடாகும் என்பதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியுமா? இயற்பியல் பாடத்துக்காகக் கேட்கிறேன்.
(ஆறாம் படிவ மாணவி, கோலசிலாங்கூர்)

பதில்: முடியும் மகளே, ரொம்பச் சுலபம். 4 டன் பாரத்தை 8 மீட்டர் இறக்குகிறோம் என்று வை. 4,000 கிலோ, ஈர்ப்பு 9.8, உயரம் 8. பெருக்கினால் ஏறக்குறைய 314 கிலோஜூல். இது எவ்வளவு என்றால், ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கிற சூடு. அம்மா காலையில் கோப்பிக்கு வைக்கிற தண்ணீர், அவ்வளவுதான். இதை முழுக்கப் பிரேக்கே உரசி வாங்கிக்கொண்டால், 20 கிலோ வார்ப்பிரும்பு டிரம் எவ்வளவு சூடேறும்? ஒரு கிலோ இரும்பை ஒரு டிகிரி ஏற்ற 0.46 கிலோஜூல். 20 கிலோவுக்கு 9.2. 314-ஐ 9.2-ஆல் வகுத்தால் 34 டிகிரி.

ஒரு தடவைக்கு 34 டிகிரி பெரிதல்ல. மணிக்கு 12 தடவை இறக்கினால்தான் வம்பு. 12 கோப்பித் தண்ணீர், 3,600 விநாடி, கணக்குப் பார்த்தால் சராசரி 1,050 வாட் பக்கம் வரும். இந்தச் சூடு வெளியே போக ஒரே வழி டிரம்மின் மேற்பரப்பு. 0.2 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொள். அசையாத காற்றில் ஒரு சதுர மீட்டர், ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 10 வாட் மாதிரி கொடுக்கும். ஆக 0.2-க்கு 2 வாட். 1,050 வாட் வெளியே போக வேண்டுமானால் டிரம் சுற்றுப்புறத்தைவிட 500 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். லைனிங் அதற்கு வெகு முன்னாலேயே கருகிவிடும். காற்றை வேகமாக அடித்தால் அந்த 10 வாட் 40 ஆகலாம். அப்போது 130 டிகிரி ஏற்றத்தோடு நின்றுவிடும். காற்றால் ஆகிற நன்மை இவ்வளவு என்று இப்போது தெரிகிறதா? இதெல்லாம் தோராயம். டிரம் நன்றாகச் சூடானால் கதிர்வீச்சும் கைகொடுக்கும், அச்சு வழியாகவும் கொஞ்சம் ஓடும். ஆசிரியர் கேட்டால் அதையும் சொல்லிவிடு.

ஆனால் நிஜக் கிரேனில் இந்த 314 கிலோஜூலைப் பிரேக் வாங்குவதில்லை. மோட்டார் வாங்குகிறது. நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1,500 சுற்று. தூக்கும்போது மோட்டார் அதற்குக் கொஞ்சம் கீழே ஓடும். இறக்கும்போது பாரம் மோட்டாரைத் தள்ளும், 1,500-ஐத் தாண்டும், தாண்டியதும் மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பின்னுக்கு இழுக்கும். சைக்கிளில் டைனமோ போட்டால் மிதி கனக்கிறதே, அதுதான். பாரத்தின் சக்தி மின்சாரமாகி வயருக்குப் போய்விடும்.

அப்படியானால் பிரேக்குக்கு என்ன வேலை? சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டாரை நிறுத்துவது, நின்றதைப் பிடித்துக்கொண்டிருப்பது. இதில் ஒரு வேடிக்கை. 4 டன் பாரம் நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும்போது அதன் இயக்க ஆற்றல் 55 ஜூல்தான். நீயே போட்டுப் பார். ஆனால் 1,450 சுற்றில் ஓடுகிற ரோட்டரும் டிரம்மும் சேர்ந்து 4,000 ஜூல் பக்கம் வைத்திருக்கும். பாரத்தைவிட 70 மடங்கு! மேலே ஒருவருக்குப் பொத்தான் தட்டுவதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதனால்தான். காலிக் கொக்கியோடு தட்டினாலும் பிரேக் சுடும். பாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே குறைவு.

இப்போது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வந்துவிட்டது. மோட்டாரை மின்சாரத்தாலேயே மெதுவாக்கி, ஏறக்குறைய நின்ற பிறகுதான் பிரேக் கவ்வுகிறது. பிரேக் குளுகுளுவென்று இருக்கிறது. சூடு மறைந்துவிட்டதா என்றால், இல்லை. கிரேன் மேடையில் கம்பிவலைப் பெட்டிக்குள், மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரத்தை வாங்கிச் சூடாக்கிவிடும் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும், அங்கே குடியேறிவிட்டது. அந்தப் பெட்டிக்குக் காற்றோட்டம் வேண்டும். அதன் மேல் ஈரச் சட்டையைக் காயப்போட்ட ஒரு புத்திசாலியை எனக்குத் தெரியும்.

கேள்வி: லோரி டிஸ்க்கில் இரண்டு தகடுகளுக்கு நடுவே காற்று போக வழி விட்டிருக்கிறான். கிரேனுக்கும் அப்படிச் செய்தால் தனிக் காற்றாடியே வேண்டாமே?
(லோரி ஓட்டுநர், ரவாங்)

பதில்: செய்கிறார்கள் தம்பி. பெரிய கிரேன்களில் அந்த மாதிரி டிஸ்க் உண்டு. நடுவில் இருக்கிற தடுப்புகள் சுற்றும்போது காற்றை நடுவிலிருந்து இழுத்து விளிம்பு வழியே வீசும். டிஸ்க்கே ஒரு காற்றாடி. ஆனால் சுற்றினால்தான் காற்றாடி. உன் லோரி பிரேக் பிடித்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும், சக்கரம் சுற்றும், எதிர்க்காற்றும் அடிக்கும். கிரேனின் டிஸ்க் பிரேக் பிடித்த அடுத்த விநாடி அசையாமல் நின்றுவிடுகிறது. சூடு உச்சத்தில் இருக்கும்போது காற்று பூஜ்யம். அதனால்தான் கடினமாக உழைக்கிற கிரேன்களுக்குத் தனி மோட்டாரில் ஓடும் ஊதுகுழல் வைக்கிறார்கள்.

இன்னொரு வித்தியாசம் உனக்குப் பிடிக்கும். லோரியின் டிரம் பிரேக்கில் ஷூ உள்ளே இருக்கிறது. சூட்டில் டிரம் வீங்கினால் ஷூவை விட்டு விலகிப் போகும். ஷூ டிரம்மைத் தொட இன்னும் அதிக தூரம் நகர வேண்டும், ஒரு கட்டத்துக்கு மேல் எட்டாது. கிரேனில் ஷூ வெளியே, வீங்கினால் நெருங்கி உரசும். ஒரே வீக்கம், லோரிக்குப் பிடியில்லாமல் போகிறது, கிரேனுக்கு விடாமல் போகிறது.

கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது சின்னக் கியரில் வா என்று பலகை வைத்திருக்கிறார்களே, அதுவும் மேலே மாணவிக்குச் சொன்ன மோட்டார் கணக்கும் ஒன்றுதான். பாரத்தை எஞ்சின் பிடிக்கட்டும், பிரேக்கைக் கடைசிக்கு வை. லைனிங்கில் உள்ள பிசின் 250, 300 டிகிரியைத் தாண்டினால் வெந்து வாயுவாகக் கிளம்பும், உராய்வு சரியும். கிரேன் பிரேக்கை மோட்டாரின் முறுக்கைப்போல் ஒன்றரை மடங்கு பிடிக்கும்படி வைப்பது வழக்கம். உராய்வு பாதியாகிவிட்டால் அந்த ஒன்றரை, முக்காலாகிவிடும். முக்கால் பிடிக்குப் பாரம் நிற்காது.

கேள்வி: சூடான பிரேக் மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் உடனே ஆறிவிடுமே?
(வாசகர், பந்திங்)

பதில்: ஆறும். கூடவே வெடிக்கும். வார்ப்பிரும்பு திடீர்க் குளிரைத் தாங்காது, மேலே முடி மாதிரி விரிசல் ஓடும். லைனிங் நனைந்தால் வழுக்கும். எண்ணெய்க் கிணறு தோண்டுகிற இயந்திரங்களில் பிரேக் விளிம்புக்கு உள்ளே மூடிய வழியில் தண்ணீர் ஓட விடுவதுண்டு. அது வேறு, வாளி வேறு. வேண்டாம்.

கேள்வி: தோட்டம் விற்றுப்போன பிறகு எட்டாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். லிஃப்ட் அடிக்கடி குலுங்குகிறது. அதன் பிரேக் சூடாகி, விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.
(ஒரு பாட்டி, சுங்கை பூலோ)

பதில்: சிரிக்கட்டும் அம்மா. லயத்தில் மண்ணை மிதித்து வளர்ந்தவர்களுக்குக் காலடியில் எட்டு மாடி வெற்றிடம் என்றால் பயம் வராமல் என்ன செய்யும்? எனக்கும் வரும். ஆனால் பிரேக் சூட்டுக்காகப் பயப்பட வேண்டாம். லிஃப்டின் மறுமுனையில் எதிர்ப்பாரம் தொங்குகிறது. பெட்டியின் எடையும் அது ஏற்றக்கூடிய ஆட்களின் எடையில் ஏறக்குறைய பாதியும் அதில் இருக்கும். தராசு மாதிரி. அதனால் பிரேக்குக்குச் சுமை குறைவு. நீங்கள் தனியாகப் போகும்போது பிரேக்கே இல்லையென்றாலும் பெட்டி மேலே போகத்தான் பார்க்கும்.

அதோடு, வேகம் மிஞ்சினால் பெட்டிக்கு அடியிலிருக்கும் கவ்விகள் இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கொள்ளும். அதற்குப் பிரேக்கும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஓட்டிஸ் என்பவர் 1854-இல் நியூயார்க்கில் கூட்டத்துக்கு நடுவே தூக்கு மேடையில் ஏறி நின்று, கயிற்றை வெட்டச் சொல்லி இந்த மாதிரிக் கவ்வியைத்தான் காட்டினார். மேடை கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது.

குலுங்குவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பொறுப்பாளர்களிடம் எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். லிஃப்டுக்குள் தகுதிச் சான்றிதழ் ஒட்டியிருக்கும், அதில் தேதி இருக்கும். பேரப்பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் தாத்தாவின் அண்ணன் கோலார் தங்கவயலில் வேலை செய்தவர். மைல் கணக்கில் ஆழம் என்பார்களாம். அவ்வளவு ஆழத்துக்கு ஆட்களை இறக்கும் இயந்திரத்தின் பிரேக்கை எப்படிக் குளிர வைத்திருப்பார்கள்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட்)

பதில்: நம் ஆட்கள் ஒரு பிரிவு இங்கே பால்மரத்துக்கு வந்தது, ஒரு பிரிவு அங்கே பூமிக்குள் போயிற்று. கோலாரில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். 2001-இல் மூடிவிட்டார்கள். அங்கிருந்த இயந்திரத்தை நான் பார்த்ததில்லை. சுரங்கத் தூக்கிகளின் பொது முறையைச் சொல்கிறேன்.

அவசர நிறுத்தத்துக்குக் காற்று உதவாது, ஐயா. ஒரு கணக்கு: கயிறு, கூண்டு, உருளை எல்லாம் சேர்த்து 60 டன் நிறை, விநாடிக்கு 15 மீட்டர் வேகம். பெரிய தூக்கிகளில் இந்த வேகம் சகஜம். நிறுத்தினால் 6.75 மெகாஜூல். மாணவியின் கோப்பிக் கணக்கில் 21 லிட்டர் தண்ணீர், அதுவும் சில விநாடிகளில். அந்தச் சில விநாடியில் எந்தக் காற்றாலும் எதையும் எடுத்துப் போக முடியாது. சூடு முழுவதையும் இரும்பே விழுங்க வேண்டும். அதனால் அங்கே பிரேக் டிஸ்க்கை எடையைப் பார்த்துத்தான் செய்வார்கள். டன் கணக்கில் இரும்பு இருந்தால் டிகிரிக் கணக்கில் சூடு குறைவு. காற்று அப்புறம், ஆற அமர, அடுத்த நிறுத்தத்துக்கு முன் அதை ஆற வைக்கும்.

நம் மில் கிரேன் இதற்கு நேர் எதிர். ஒவ்வொரு நிறுத்தமும் சின்னது, ஆனால் 5 நிமிடத்துக்கு ஒரு கூண்டு, இரவும் பகலும். இங்கே இரும்பின் எடை முதல் ஒரு மணி நேரத்துக்குத்தான் காப்பாற்றும். அதற்கு மேல் காற்று பார்த்து ஏதாவது செய்தால் உண்டு. புது மில்களில் நின்ற ஸ்டெரிலைசர், சாயும் ஸ்டெரிலைசர் என்று வந்து, கூண்டையும் கிரேனையுமே ஒழித்துவிட்டார்கள். பிரச்சினை தீர்ந்தது. என்னைப் போன்றவர்களின் பிழைப்பும்தான்.

கேள்வி: அண்ணே, பிரேக் தூசியைக் காற்றுக்குழாயால் ஊதிச் சுத்தம் செய்யலாமா? எங்கள் பட்டறையில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.
(பயிற்சிப் பிட்டர், கோல குபு பாரு)

பதில்: செய்யாதே தம்பி. எல்லாரும் செய்தாலும் நீ செய்யாதே. பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்தது. அந்தத் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் புற்றுநோயாக வெளியே வர இருபது, முப்பது, நாற்பது வருடம்கூட ஆகும். இன்றைக்கு ஊதினவனுக்கு இன்றைக்கு ஒன்றும் தெரியாது. கிரேன் பழசாக இருந்தால் லைனிங்கில் என்ன இருக்கிறது என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது, இருக்கிறது என்றே வைத்துக்கொள். புது லைனிங்காக இருந்தாலும் தூசி தூசிதான்.

ஈரத்துணியால் துடை, துணியை ஈரம் காயுமுன் பையில் போட்டுக் கட்டு. நுண்வடிகட்டி உள்ள உறிஞ்சி இருந்தால் அது இன்னும் நல்லது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதே, அதற்கென்று உள்ள முகமூடி வேண்டும். வேலைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் மற்றத் துணியோடு ஊற வைக்காதே. நான் இருபது வருடம் அப்படித்தான் கொண்டுபோனேன், என் மனைவிதான் அதை உதறித் துவைத்தார். இரண்டு பேரும் போன வருடம் மார்பு எக்ஸ்ரே எடுத்தோம். ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான், எதற்கு எடுத்தோம் என்று மனைவியிடம் சொன்னேன்.